வேலைக்கு வந்தவரும் வீட்டுக் குவளையும்

ஒரு வீட்டில் கொத்தனாரோ, பெயின்டரோ, குழாய் வேலைக்காரரோ, மின்சார வேலை தெரிந்தவரோ வந்து அரை நாளோ ஒரு நாளோ உழைக்கும்போது, அவருக்கு அந்த வீட்டார் காப்பியோ தேநீரோ கொடுக்க வேண்டுமா, கொடுப்பதென்றால் எந்த வேளையில், எந்தப் பாத்திரத்தில், எந்த இடத்தில் உட்காரவைத்துக் கொடுப்பது என்னும் கேள்வி, கேட்ட மாத்திரத்தில் அற்பமானதாகத் தோன்றக்கூடும். ஆனால் கூலியையும் சாதியையும் சட்டத்தின் எல்லையையும் பெண்களின் கஷ்டத்தையும் தொட்டுக்கொண்டு செல்லுகிற விஷயம் இது. தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்து குரோம்பேட்டை, சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று பரந்துகிடக்கும் தென்சென்னைப் புறநகரையும் முன்னிட்டு இதைச் சற்று விஸ்தாரமாக ஆராய்வது பயனுள்ளதென்று கருதுகிறேன்.

இப்பிரதேசத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. டாக்டர் சவுரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காக ஆரோக்கிய நிலையம் ஒன்றை நிறுவிய காலத்தில் சென்னையின் நெரிசலுக்கு வெகுதூரத்தில் ஒதுங்கியிருந்த தாம்பரம், 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியதாலும், 1937இல் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே குடியேறியதாலும் வளர்ந்து, 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய அண்டை நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்ந்தது. இந்த வளர்ச்சி பெரும்பாலும் தனித்தனி மனைகளில், தனித்தனிக் குடும்பங்களின் சேமிப்பாலும் கடனாலும் நேர்ந்தது. ரயில்வேயிலோ வங்கியிலோ பள்ளியிலோ உத்தியோகம் பார்த்தவர் ஒரு மனையை வாங்கிப் போடுவார். சில வருஷங்கள் கழித்துத் தரைத்தளம் எழும். மகனுக்குக் கல்யாணம் என்றால் மாடி எழும். அதன் பிறகு ஆழ்துளைக் கிணறு வற்றும், சுவரில் ஓதம் ஏறும், மொட்டைமாடி ஒழுகும். வேலை முற்றிலும் ஓய்ந்த வீடு இப்பக்கத்தில் அபூர்வம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகளும் மூழ்கிய பின், தரையை உயர்த்துவதும், வாசற்படியை ஏற்றுவதும், வரிசையாக ஜாக்கி பொருத்தி வீட்டையே சில அடி தூக்கி நிறுத்துவதும்கூட இங்குள்ளவர்களுக்குப் பழகிய காட்சிகளாயின. ஆகவே தொழிலாளி இந்த வீடுகளுக்கு எப்போதோ ஒருமுறை எட்டிப்பார்க்கிற அந்நியர் அல்லர். குடும்பத்தின் அன்றாட வாழ்க்கைக்குள் மாதக்கணக்கில் நடமாடுகிறவர்.

அவ்வாறு வருகிறவர்கள் யாரென்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முன்பு செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கொத்தனாரும் பெரியாளும் சித்தாளுமாகக் குடும்பத்தோடு வந்தவர்களே அதிகம். இன்று அவர்களோடு பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்டு, அஸ்ஸாம் ஆகிய ராஜ்யங்களின் இளைஞர்களும் கலந்து நிற்கிறார்கள். அஸ்ஸாமின் சில்காட்டிலிருந்தும் தின்சுகியாவிலிருந்தும், ஜார்க்கண்டின் ஜசிடியிலிருந்தும் புறப்படும் ரயில்கள் தாம்பரத்தில்தான் வந்து முடிகின்றன. தேசத்தின் மறுகோடியிலிருந்து வந்து இறங்கி, நமது மொழி தெரியாமல், நமது வீட்டு மாடியில் ஓடு பதித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்கு நாம் நீட்டும் குவளைதான் இவ்வூரார் அவனிடம் பேசும் முதல் வார்த்தையாக இருக்கக்கூடும்.

பழைய சம்பிரதாயம் இதுபற்றி என்ன கருதியது என்று பார்த்தால், அது ஒரே குரலில் பேசவில்லை என்பது புலப்படும். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பலைக் கிருகஸ்தனின் தலையாய தர்மங்களில் ஒன்றாக வைக்கிறது. ஆனால் அங்கே கருதப்படுகிற அதிதி தானாக வருகிறவர், பிரதியாக எதையும் செய்யக் கடமைப்படாதவர். கூலி பேசி அழைத்துவந்த ஆளை அந்த வரிசையில் வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. வயலில் உழைத்தவருக்குக் கூழும் கஞ்சியும் ஊற்றப்பட்டது உண்மை. ஆயினும் அது கூலியின் ஓர் அம்சம், நெல்லைப்போல் அளந்து கொடுக்கப்பட்டது, பெரும்பாலான இடங்களில் களத்துமேட்டோடு நின்றுவிட்டது. மற்றொரு பக்கம், வீடு கட்டும் கைவினைஞரிடம் நம்மவர் காட்டிய மரியாதை வேறு வகையானது. தலைவாசல் நிலை வைக்கும் நாளில் ஆசாரிக்கு வேட்டியும் துண்டும் தாம்பூலமும் வைத்துக் கொடுப்பதும், கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில் வந்த அத்தனை பேருக்கும் வயிறாரச் சாப்பாடு போடுவதும், கிரகப்பிரவேசத்தன்று மேஸ்திரியையும் பெயின்டரையும் சபையில் அழைத்து நிறுத்திப் புதுத்துணி கொடுப்பதும் இன்றும் இப்புறநகரில் தவறாமல் நடக்கின்றன. கான்கிரீட் நாளில் இப்போது பெரும்பாலும் பிரியாணிப் பொட்டலம் வருகிறது. அதை வீட்டுக்காரரும் வேலையாட்களோடு மணல்மேட்டின் அருகே உட்கார்ந்து சாப்பிடும் காட்சியை நான் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறேன். விசேஷ நாளின் உபசாரத்தில் நமக்குக் குறைவில்லை. குறை இருப்பது சாதாரண நாளில்தான்: பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும், விசேஷம் ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில்.

அந்தப் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் உரிய பானங்களாக இன்று நாம் கருதும் காப்பியும் தேநீரும் நம்மிடம் வந்து வெகுகாலம் ஆகிவிடவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் விளக்கியிருப்பதுபோல, காப்பி நமது நடுத்தர வகுப்பாரின், அதிலும் முதலில் பிராமணக் குடும்பங்களின் அந்தஸ்தின் அடையாளமாக நிலைபெற்றது. தேநீரோ நகரத்து உழைப்பாளியின் பானமாயிற்று. 1903 முதல் தேயிலைமீது விதிக்கப்பட்ட தீர்வையைக் கொண்டு நடந்த பிரசாரம், முப்பதுகளில் உலகச் சந்தை சரிந்தபோது பன்மடங்கு தீவிரமடைந்து, ஆலைகளிலும் கடைவீதிகளிலும் இலவசமாகத் தேநீர் கொடுத்து அந்தப் பழக்கத்தை ஊன்றிவிட்டது. இந்தப் பிரிவினையின் நிழல் வீட்டுக்குள்ளும் விழுந்தது. வீட்டாருக்கு முதல் டிகாஷனில் காப்பி, வேலைக்காரருக்கு இரண்டாம் டிகாஷனில் காப்பி என்பது பல இல்லங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோரும் அறிந்த விதியாக இருந்தது. அல்லது வீட்டில் காப்பி கொதிக்க, ஆளுக்குத் தெருமுனைக் கடையிலிருந்து டீ வாங்கிவரச் சொல்லுவார்கள். இதில் ஒரு நியாயமும் இல்லாமலில்லை. உழைக்கிறவரில் பலர் காப்பியைவிடத் தேநீரையே விரும்புகிறார்கள், அதிலும் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இஞ்சி தட்டிப்போட்ட பால் தேநீர்தான் பழக்கம். விருப்பத்தைக் கேட்டு அதன்படி செய்வது உபசாரம். கேளாமலே தரம் பிரிப்பது அவமதிப்பு. இரண்டிலும் ஒரே பானம் கொடுக்கப்பட்டிருக்கலாம். வாங்கிக்கொள்ளுகிறவருக்கு வித்தியாசம் விளங்காமல் போவதில்லை.

பானத்தைக் காட்டிலும் பாத்திரமே இக்கேள்வியின் மையம் என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்கென்று வேறு குவளையும், சில ஊர்களில் கொட்டாங்குச்சியும் வைத்திருந்த கொடுமையை இரட்டைக் குவளை முறை என்ற பெயரால் நாம் அறிவோம். சமபந்தி போஜனத்துக்காகவும், சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவர்களைப் பிரித்து உட்காரவைத்ததற்கு எதிராகவும் எழுந்த கிளர்ச்சிகள், ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் வைத்திருந்த ஏற்பாடு 1941இல் ஒழிந்தது, 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுவிடுதியின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் நடத்திய போராட்டம் ஆகியவையெல்லாம் பொது இடத்தில் உண்பதையும் பருகுவதையும் பற்றியவை. பொது இடத்தில் அந்தப் போராட்டங்கள் பெருமளவுக்கு வென்றன என்று சொல்லலாம். வீட்டின் கொல்லைப்புறத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. அங்கே மாடத்திலோ, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலோ, நசுங்கிப்போன ஓர் எவர்சில்வர் டம்ளர் தனியாக வைக்கப்பட்டிருக்கும். வேலையாள் அதைத் தானே எடுத்துக் கழுவி நீட்ட, அம்மாள் அதில் படாமல் மேலேயிருந்து ஊற்றுவாள். குடித்த பின் மறுபடி கழுவி அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். டபராவில் ஆற்றித் தூக்கிக் குடிக்கும் வீட்டார், எச்சில் என்ற ஆசாரத்தைக் காரணமாகச் சொல்லுவார்கள். அந்த ஆசாரம் உண்மையிலேயே காரணமாக இருந்தால், தூக்கிக் குடிக்கிற தொழிலாளிக்கு வீட்டு டம்ளர் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. சாதியின் பெயரை உச்சரியாமலே சாதியை நடத்திச் செல்லும் சாமர்த்தியம் அந்த நசுங்கிய டம்ளரில் இருந்தது.

இன்று அதன் இடத்தைக் காகிதக் குவளை பிடித்துக்கொண்டது. சமையலறை அலமாரியில் ஐம்பதோ நூறோ அடங்கிய கட்டு ஒன்று 'வேலைக்காரங்களுக்கு' என்று வாங்கி வைக்கப்பட்டிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். குடித்ததும் எறிந்துவிடலாம், கழுவும் பிரயாசை இல்லை, கிருமிப் பயமும் இல்லை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. கொரோனாத் தொற்றுக்குப் பின் அந்தக் காரணங்களுக்கு இன்னும் பலம் ஏறியது. தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் ஒன்று என்பது பலருக்கு ஞாபகத்தில் இல்லை. அதை விட்டுவிட்டு நீதியை மட்டும் கேட்டாலும், பழைய பிரச்சினைக்கு விடை சொல்லாமலே அதைக் கண்ணுக்கு மறைத்துவிட்ட சாதனம் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு வருகிற சிற்றப்பா மகனுக்கும் அதே காகிதக் குவளையில் கொடுக்கும் வீட்டில் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. உறவினருக்கு டபரா டம்ளரும் டைல்ஸ் போடுகிறவருக்குக் காகிதமும் என்றால், இரட்டைக் குவளை அங்கே இன்னும் இருக்கத்தான் செய்கிறது. இரண்டில் ஒன்று குப்பைக்குப் போவதால் சாட்சி மிஞ்சுவதில்லை, அவ்வளவே.

இதற்குத் தொழிலாளர் பக்கத்திலிருந்து வரும் ஒரு பதிலையும் கூறவேண்டும். சிமெண்டுக் கையோடும் பெயின்டுக் கையோடும் வீட்டு டம்ளரைத் தொடக் கூச்சமாக இருக்கிறது, கடை டீயே சௌகரியம், அந்தச் சாக்கில் தெருமுனை வரை போய் நாலு பேரோடு நின்று பேசிவிட்டு வரலாம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அந்தச் சுதந்திரத்தை மதிக்கவேண்டும். வீட்டுக்காரரின் பார்வையிலிருந்து பத்து நிமிஷம் விலகியிருப்பதும் ஓய்வின் ஒரு பாகம்தான். ஆனால் கை அழுக்கு என்ற கூச்சத்துக்குப் பரிகாரம், வேறு குவளை தேடுவதல்ல. ஈரச் சிமெண்டு காரத்தன்மை உள்ளது. தோலை அரித்துப் புண்ணாக்கும். ஆகையால் தேநீருக்கு முன் ஒரு வாளி நல்ல தண்ணீரும் சோப்பும் ஒரு பழந்துணியும் வைப்பது உபசாரத்தின் முதற்படியாகவும் வைத்தியமாகவும் அமைகிறது. கை கழுவியவர் எந்த டம்ளரையும் தொடலாம்.

சட்டம் இவ்விஷயத்தில் எவ்வளவு தூரம் வருகிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவே அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்றும், குடிநீரும் கழிப்பிடமும் கைகழுவும் இடமும் இருக்கவேண்டும் என்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் சிற்றுண்டிச்சாலை வேண்டும் என்றும் விதித்தது. கட்டடத் தொழிலாளருக்கென்று 1996இல் வந்த மத்தியச் சட்டமும் குடிநீர், கழிவறை முதலியவற்றைப் பணியிடங்களில் கட்டாயமாக்கியது. ஆனால் ஒருவர் தம் சொந்தக் குடியிருப்புக்காகப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் செய்துகொள்ளும் கட்டட வேலையை அது தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவையொட்டி 1955இல் இயற்றப்பட்ட சட்டம், பாத்திரங்களைப் பயன்படுத்துவதில் பேதம் காட்டுவதைக் குற்றமாக்கியபோது பொது உணவகங்களையும் விடுதிகளையும் பொது இடங்களையும் கருதியே பேசியது. ஆக, உழைப்பைப் பாதுகாக்கும் சட்டமும் சமத்துவத்தைப் பாதுகாக்கும் சட்டமும் பெரும்பாலும் நமது இரும்புக் கேட்டின் வெளிப்புறத்தோடு நின்றுகொள்ளுகின்றன. மாடியில் ஓர் அறை எடுக்கும் வேலைக்கு வந்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஓய்வும் தண்ணீரும் நிழலும் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த வீட்டாரின் மனசாட்சி ஒன்றையே பொறுத்தது. அதனால்தான் இங்கே உபசாரம் என்பது அலங்காரமன்று. இல்லாத சட்டத்தின் வேலையை அது செய்யவேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் நியாயங்களையும் அலட்சியம் செய்வதற்கில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மடிப்பாக்கத்திலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ தனியே வசிக்கும் முதிய தம்பதியர், முன்பின் தெரியாத நான்கு பேரை உள்ளே அழைத்து உட்காரவைக்கத் தயங்குவது இயல்பு. தனியாயிருக்கும் பெண்ணின் தயக்கம் அதைவிட நியாயமானது. அவர்கள் கிரில் கதவின் வழியாகத் தேநீர் நீட்டினால் அதில் இழிவு ஏதுமில்லை. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியும் மின்விசிறியும் இருந்தால் அதுவே போதும். கைபேசிச் செயலியின் மூலம் வரும் ஏ.சி. மெக்கானிக்குக்கு அடுத்த வீட்டுக்கு இன்ன நேரத்தில் போய்ச்சேர வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும். அவரைக் காப்பிக்காக நிறுத்திவைப்பது உதவியல்ல, தண்ணீரே உதவி. ஏறக்குறைய முப்பது கிலோ கனமுள்ள காஸ் சிலிண்டரையும் இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேனையும் தோளில் வைத்து மூன்றாம் மாடிக்கு ஏறிவருகிறவர்களும் அப்படியே. பரபரப்பான காலை வேளையில் ஆறு பேருக்கு இரண்டு தடவை தேநீர் போடும் உழைப்பு யார் தலையில் விழுகிறது என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. 'டீ கொடுத்தாச்சா?' என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கும் கணவர், தாமே அடுப்பைப் பற்றவைக்க முன்வராத வரையில், அவருடைய தாராளம் இன்னொருவரின் சிரமத்தால் நடக்கிறது.

தேநீருக்குப் பதிலாகக் காசு கொடுக்கும் வழக்கம் இந்தச் சிரமத்திலிருந்து பிறந்ததே. டீக்காசு என்று அதற்கு இங்கே பெயர். கடையில் ஒரு தேநீர் பன்னிரண்டு, பதினைந்து ரூபாய் என்று ஆகிவிட்ட இக்காலத்தில், ஆறு பேருக்கு இரண்டு வேளையும் வடையோடு சேர்த்துக் கணக்கிட்டால் அது சிறிய தொகையல்ல என்பதால், ஒப்பந்தம் பேசும்போதே அதையும் தெளிவாகப் பேசிக்கொள்ளுவது இரு தரப்புக்கும் நல்லது. காசை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்தால் சித்தாளுக்கு வந்துசேருமா என்ற சந்தேகம் அனுபவஸ்தர்களுக்கு உண்டு. ஆளாளுக்குத் தனியே கொடுப்பதே முறை. இதைவிடக் கவனிக்கவேண்டிய அபாயம் வேறொன்று: உபசாரத்தைச் சொல்லிக் கூலியைக் குறைப்பது. இரண்டு வேளை தேநீரும் மத்தியானம் சாம்பார் சாதமும் போட்டதை நினைவூட்டி, பேசிய தொகையில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர், அன்பை விலைக்கு விற்கிறார். வடலூரில் இராமலிங்க அடிகள் 1867இல் தருமசாலையைத் தொடங்கியபோது, வருகிறவரின் குலத்தையோ பதிலையோ எதிர்பாராமல் பசி ஒன்றையே தகுதியாக வைத்தார். நமது வீடு தருமசாலை ஆகவேண்டியதில்லை. கூலியும் குவளையும் ஒன்றையொன்று விழுங்காமலிருந்தால் சரி.

கொடுக்கும் விதத்தைப் பற்றிச் சில சொற்கள். 'ஏம்ப்பா, டீ வேணுமா?' என்று கேட்டால், தாகத்தால் நாக்கு உலர்ந்தவரும் 'வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்' என்றுதான் சொல்லுவார். முதற்கேள்விக்கு மறுப்பது நமது ஜனங்களின் நாகரிகம். போட்டு எடுத்துவந்து, 'வாங்க, காப்பி சாப்பிட்டுட்டு வேலையைப் பாருங்க' என்றால் மறுப்புக்கு இடமில்லை. வயதில் மூத்த கொத்தனாரைப் பள்ளிக்கூடத்துப் பையன் 'நீ' என்று ஒருமையில் விளிக்கும் வழக்கம் நல்ல குடும்பங்களிலும் இருக்கிறது. அந்த ஒருமை காதில் விழுந்த பின் காப்பி எவ்வளவு திக்காக இருந்தாலும் ருசிக்காது. அண்ணே, ஐயா, அக்கா, தம்பி என்று முறை வைத்து அழைக்க நமது பாஷையில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் விரதச் சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பிருக்கும் தொழிலாளிக்கு முன்னால் மற்றவர்களுக்கு மட்டும் தேநீர் கொடுத்துவிட்டு அவரைச் சங்கடப்படுத்தாமல், அந்திவேளைக்குப் பழமும் தண்ணீரும் தந்தனுப்பலாம். சர்க்கரை வியாதி நமது வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. சர்க்கரையைத் தனியே வைப்பதில் கஷ்டமில்லை.

பிற தேசங்களிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். இங்கிலாந்தில் கட்டட வேலைக்காரருக்கு வீட்டார் கடுந்தேநீர் போட்டுக் கொடுப்பது எழுதாத விதி. ஜப்பானில் தச்சர்கள் வீடு கட்டும்போது காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வீட்டார் தேநீரும் பலகாரமும் கொண்டுவைப்பது நெடுங்கால மரபு. நிறுவனங்கள் வீடு கட்டத் தொடங்கிய பின் அது தேய்ந்துவருகிறது. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகுவது விருந்தாளிக்கும் வேலையாளுக்கும் பொதுவான வழக்கம். பாலுக்கு வசதியில்லாத வீட்டிலும் உபசாரத்துக்குத் தடையில்லை என்பதற்கு அது நல்ல திருஷ்டாந்தம்.

நமது சீதோஷ்ணத்துக்கு வருவோம். சூடான பானத்தைப் பற்றியே இதுவரை பேசியிருந்தாலும், அக்கினி நட்சத்திர காலத்தில் மொட்டைமாடியில் தட்டோடு ஒட்டுகிறவருக்குத் தேநீர் மட்டும் போதாது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. உப்பிட்ட நீர்மோரும் பானகமும் எலுமிச்சை ரசமும் நமது முன்னோர் தண்ணீர்ப் பந்தலில் வைத்துக் கண்ட பரிகாரங்கள். அவை மாடிக்கும் ஏறவேண்டும். தண்ணீரிலும் ஒரு பேதம் நுழைந்திருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டார் கேன் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஆட்களுக்கு ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரைக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொல்லுவது இப்புறநகரின் பொதுவான நடைமுறையாகிவிட்டது. ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்த 2019ஆம் ஆண்டின் கோடையில் அதற்கு ஒரு சமாதானம் இருந்திருக்கலாம். ஒரு கேன் கூடுதலாக வாங்கினால் தீர்ந்துபோகும் மற்ற நாள்களில் அதற்குச் சமாதானம் ஏது?

தண்ணீர் கொடுப்பதோடும் விஷயம் முடியவில்லை. இதுதான் நமது உபசாரம் அநேகமாக எட்டாத இடம். கலவை சுமக்கும் சித்தாள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரைக் குறைத்தே குடிக்கிறாள். தாகம் இல்லாமல் அல்ல, ஒதுங்க இடம் இல்லாமல். ஆண்கள் காலி மனையைத் தேடிப் போவார்கள். நாற்புறமும் வீடு எழுந்துவிட்ட சிட்லபாக்கத்திலோ குரோம்பேட்டையிலோ அவள் எங்கே போவாள்? நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் அவளைத் தொடர்கின்றன. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரை ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இருமடங்கு நேர்வதாக 2024இல் வெளியிட்டார்கள். வெயிலும் தண்ணீர்க் குறைவும் பெண்ணுடலை எவ்வளவு வாட்டும் என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு எவர்சில்வர் டம்ளரில் முதல் டிகாஷன் காப்பியையே கொடுத்தாலும், அவள் அதைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவாள்.

இதற்கு வேண்டிய வசதி நமது வீடுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள தனி வீடுகளில், வெளிப்புற மாடிப்படியின் கீழே ஒரு சிறு கழிவறையை அமைப்பது மேஸ்திரிகளின் வாடிக்கை. வீடு கட்டும் காலத்தில் அது எல்லோருக்கும் பயன்படும்; குடியேறிய பின்னர் பூட்டிவிட்டு, உள்ளே பழைய பெயின்டு டப்பாக்களையும் மிஞ்சிய ஓடுகளையும் அடுக்கிவிடுகிறார்கள். வேலை தொடங்குவதற்கு முந்தின நாளே அவற்றை அப்புறப்படுத்தி, குழாயில் தண்ணீர் வருகிறதா, உட்புறத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்து, வாளியும் சோப்பும் வைத்துவிட்டு, காலையில் ஆட்கள் வந்ததும் சாவியைச் சித்தாளின் கையிலேயே கொடுக்கவேண்டும். மேஸ்திரியிடம் கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் ஓர் ஆணிடம் போய்க் கேட்க வெட்கப்பட்டு அவள் கேட்காமலே இருந்துவிடுவாள்.